பின்னால் மட்டும் நடந்த கால்

தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில், காலை நெரிசலுக்கு நடுவே, என் வலது கால் நின்றுவிட்டது. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. எடுத்து வைக்கப் பார்த்தால் வர மறுத்தது, அவ்வளவுதான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.

"ஓரமா போம்மா, வழியில நின்னுகினு பேஜார் பண்ற" என்று ஒருவர் இடித்துக்கொண்டு போனார். ஓரமாகப் போக முடிந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? கடைசியில் என் கணவர் வந்துதான் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார். அன்றிலிருந்து அந்தக் காலை இழுத்துக்கொண்டே நடந்தேன்.

மூளை, முதுகெலும்பு, ரத்தம் என்று எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லையாம்" என்று என் கணவர் சந்தோஷமாக ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நாத்தனார், "எல்லாம் மனசுதான் அண்ணி, ரொம்ப யோசிக்காதீங்க" என்றாள்.

"யோசிக்காம பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்க முடியாது" என்றேன்.

பிசியோதெரபி செய்ய வந்த பெண்தான் ஒருநாள், "கொஞ்சம் பின்னாடி நடங்க மேடம்" என்றாள். நடந்தேன். இழுக்கவே இல்லை! முன்பக்கமாக நடந்ததும் கால் மறுபடி முரண்டு பிடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கால் நல்லாதான் இருக்கு. மூளை அதுக்கு அனுப்பற சேதிதான் நடுவுல சிக்கிக்குது. நீங்க வேணும்னு பண்ணல" என்றாள்.

"ஏன் இப்படி ஆச்சு?"

"அது எனக்குத் தெரியல மேடம்."

தெரியவில்லை என்று நேராகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள்மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

பள்ளியிலும் இடைவேளையில் பின்னால் நடந்து பழகினேன். தலைமையாசிரியை பார்த்துவிட்டு அறைக்குக் கூப்பிட்டார்.

"பின்னாடி நல்லாத்தானே நடக்கறீங்க மிஸ்? அப்போ இதெல்லாம்..." என்று இழுத்தார். "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்களேன். பேரன்ட்ஸ் கேக்கறாங்க."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"பரீட்சை அன்னிக்குப் பசங்க பயத்துல வாந்தி எடுக்கறாங்களே மேடம், பயம் மனசுலதான். வாந்தி நிஜமில்லையா? நடிக்கறான்னு யாரையாவது வெளிய அனுப்பியிருக்கீங்களா?"

அவர் மேசைமேல் இருந்த பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"என்னால பாடம் எடுக்க முடியலன்னா நானே வந்து சொல்றேன். ரெஸ்ட் வேண்டாம்."

மணி அடித்தது. வெளியே வந்து, சுவரை ஒரு கையால் தடவியபடி, வராந்தா முழுக்கப் பின்னால் நடந்தே வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் வாசலில் கூடிநின்று பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். "பார்த்தாச்சா? எல்லாரும் உட்காருங்க" என்று சாக்பீஸை எடுத்தேன்.

அடுத்த வாரம் என் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். எனக்காகத்தான் என்று தலைமையாசிரியை சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

கால் முழுதாகச் சரியாகவில்லை. சில நாள் சொன்னபடி கேட்கிறது. தூக்கம் கெட்டாலோ, யாரிடமாவது சண்டை போட்டாலோ இழுக்கிறது. ஆம், மனசுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மனசு என்ன, பக்கத்து வீட்டிலா இருக்கிறது? அதுவும் என் உடம்புக்குள்தான் இருக்கிறது.

இந்த ஆண்டும் பிளஸ் டூ கணக்கு எனக்குத்தான்.