ஒன்பதாம் பக்கம்

அண்ணன் வெளியே போய் வேலை பிடித்து வருவார். தங்கை உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுவாள். இருவருமே கட்டுமானப் பொறியாளர்கள். பதினான்கு வருடமாக அந்தச் சின்ன அலுவலகம் அப்படித்தான் ஓடியது. பாலமோ கூரையோ, முதலில் கணினியில் கட்டி, காற்றையும் எடையையும் ஏற்றிப் பார்த்து, தாங்குமா என்று சொல்வது அவள் பொறுப்பு. அவள் சொன்னால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

கால்வாய் மேல் ஒரு நடைபாலம் வந்தது. எட்டு கேபிள்கள் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மென்பொருளில் கேபிள்களையும் உத்திரங்களைப் போலவே வரைந்து, அவற்றுக்கு முன்கூட்டியே இழுவிசை கொடுத்திருந்தாள். பக்கக் காற்றை ஏற்றியதும் இரண்டு கேபிள்களின் எண்கள் மைனஸில் இறங்கின; இழுவிசை போய் அழுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். உத்திரம் என்றால் அந்த அழுத்தத்தைத் தாங்கும்; அதனால் பாலம் நிற்கிறது என்றே கணினி காட்டியது. நிஜக் கேபிளோ தொய்ந்துவிடும்.

"கயித்தை இழுக்கத்தான் முடியும் அண்ணா, தள்ள முடியாது. இந்த ரிசல்ட்டை நம்பக் கூடாது. கேபிளை இன்னும் இறுக்கணும்."

"அதுக்கு அடியில இருக்கிற பிடிமானத்தையே மாத்தணுமே! ரெண்டு மாசம் தள்ளிப்போகும்."

"போகட்டும்."

"சரிம்மா, எழுதிக் குடு."

அறிக்கையின் ஒன்பதாம் பக்கம் முழுக்க அதையே எழுதி, அண்ணனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள்.

பாலம் திறப்பதற்கு முந்தைய வாரம், ஒரு பிற்பகலில் காற்று வீசியது. இரண்டு கேபிள்கள் தொய்ந்து நடைதளம் சாய, கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

விசாரணையில் அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கணக்குப் போட்டது என் தங்கச்சி. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

அண்ணன் கையெழுத்திட்டுக் கொடுத்த அறிக்கை மேசையில் இருந்தது; புரட்டினாள். எட்டாம் பக்கத்துக்கு அடுத்து வரைபடங்கள் தொடங்கின; அவள் எழுதிய பக்கத்தைக் காணோம். தவறுதலாக விட்டிருந்தால் எண் எட்டிலிருந்து பத்துக்குத் தாண்டியிருக்கும். அண்ணன் பக்க எண்களையெல்லாம் உட்கார்ந்து திருத்தியிருந்தார்.

மடிக்கணினியைத் திறந்தாள். அண்ணனுக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினாள். பாலத்தின் கணினி மாடலை விசாரணைக் குழுவின் முன்னாலேயே ஓட்டி, அந்த இரண்டு மைனஸ் எண்களையும் தொட்டுக் காட்டினாள்.

அண்ணனின் உரிமம் பறிபோனது. அன்று மாலையே அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியேடி!"

"அவன் என்னைக் காட்டிக் குடுத்தானே, அது?"

"அவனுக்குப் புள்ளகுட்டி இருக்கு. நீ ஒண்டிக்கட்டை, தாங்கிக்குவே."

அவள் போனை வைத்தாள்.

பிடிமானங்களை மாற்றி, கேபிள்களை அவள் சொன்ன அளவுக்கே இறுக்கிப் பாலத்தைத் திறந்தார்கள். அவள் வேறு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். அண்ணனோடு பேச்சில்லை. அம்மாவோடு மாதம் ஒருமுறை பேசுகிறாள்: உடம்பு எப்படி, மாத்திரை போட்டாயா என்று.