சில்ட் தீவின் பெயரில்லாச் சிலுவைகள்

2006 யூலை. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடிந்து ஒரு வாரம்தான். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில் வீட்டுப் பல்கனிகளில் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் ரீற்றா மச்சாளும் ரயில் ஏறினோம்.

மச்சாள் என் கணவரின் அக்கா, மன்னார், பேசாலைக்காரி. தொண்ணூறாம் ஆண்டு கடலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் இறந்தவர்களுக்கான பூசைகூட அவருக்காக மச்சாள் கோயிலில் ஒப்புக்கொடுக்கவில்லை. யாராவது கேட்டால் எழுந்து குசினிக்குள் போய்விடுவார். ஜேர்மனிக்கு வந்தபின் கடற்கரைப் பக்கமே போனதில்லை. வடகடலின் சில்ட் தீவில் திமிங்கிலம் பார்க்கப் போவோமா என்று சும்மாதான் கேட்டேன். "ஓம், வாறன்" என்றார்.

ஹம்பேர்க்கில் மாறி, வடக்கே போகப் போக ஊர்கள் குறைந்தன. பிறகு நிலமே முடிந்தது. தீவுக்குப் போகும் அணை பதினொரு கிலோமீற்றர். கடல் வற்றியிருந்த நேரம், இருபுறமும் ஈரச்சேறு வெயிலில் மினுங்க, ரயில் மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது. மச்சாள் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி வந்தார்.

கைட்டும் என்ற ஊரில் ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். நாணற்கூரை வீடுகள், சுவரோரம் ரோசாக்கள். அருங்காட்சியகத்தின் வாசல் ஒரு திமிங்கிலத்தின் இரண்டு தாடையெலும்புகள். அதன் கீழே நடந்து உள்ளே போனோம். இந்தத் தீவின் ஆண்கள் ஒருகாலத்தில் வசந்தத்தில் கிரீன்லாந்துப் பக்கம் திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள். பலர் திரும்பவில்லை.

மாலைத் தேநீரின்போது மச்சாள் என்னிடம், "பெண்சாதிமார் எவ்வளவு காலம் பாத்திருப்பினம் எண்டு கேள்" என்றார். நான் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

அவர் தேநீரை ஊற்றியபடி சொன்னார்: "இலையுதிர்காலத்தில் கப்பல்கள் திரும்பும். கடைசிக் கப்பலும் வந்துவிட்டால், பிறகு தேவாலயத்தில் திரும்பாதவர்களின் பெயரை வாசிப்பார்களாம் என்று என் அம்மா சொல்லுவார்."

மச்சாள் எழுந்து கோப்பைகளைக் குசினிக்குள் கொண்டுபோனார்.

ஞாயிறு காலை வெஸ்டர்லாண்ட் கடற்கரை. கரைக்குள் போக ஆளுக்கு மூன்று யூரோ. இங்கே வருவது பெரிய திமிங்கிலம் அல்ல; ஆள் நீளமே உள்ள சிறிய இனம். ஜேர்மன்காரர் 'பன்றித் திமிங்கிலம்' என்கிறார்கள். கோடையில் குட்டிகளோடு கரையை ஒட்டி வரும். கடல் எண்ணெய் பூசினாற்போல் கிடந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் கண்ணயரத் தொடங்கியபோது மச்சாள் என் கையைப் பிடித்தார்.

கறுத்த முதுகு ஒன்று எழும்பி அமிழ்ந்தது. பக்கத்தில் சின்னதாய் இன்னொன்று. மூச்சு விடும் சத்தம் கரைவரை கேட்டது.

"தாயும் பிள்ளையும்" என்றார் மச்சாள். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை தண்ணீருக்குள் இறங்கினார். அவை தெற்கே போய் மறையும்வரை அங்கேயே நின்றார்.

திரும்பும் வழியில், கடைத்தெருவுக்கு அருகே, மரவேலிக்குள் ஒரு சிறிய சவக்காலை. உள்ளே வரிசையாகச் சிலுவைகள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒரு திகதி, ஒரு கடற்கரையின் பெயர், அவ்வளவுதான்.

"ஏன் பேர் இல்லை?"

"கரையொதுங்கின ஆக்கள், மச்சாள். ஆரெண்டு தெரியாமல் இந்த ஊர்ச்சனம் அடக்கினது. நூறு வருசத்துக்கு மேலை."

"பூக்கண்டெல்லாம் நட்டிருக்கினம்."

"ஓம்."

ஒவ்வொரு சிலுவையாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசிச் சிலுவைக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பாராமல் சொன்னார்: "அங்காலை இந்தியாக் கரையிலை எங்கையாவது அவரையும் ஆரும் இப்பிடிக் கிடத்தியிருப்பினம் என்ன?"

"கிடத்தியிருப்பினம்" என்றேன். அப்போதுதான் அவர் அழுதார். வேலியோரம் இருந்த வாங்கில் இருவரும் வெகுநேரம் இருந்தோம்.

மாலை ரயில் அணையில் ஏறியது. இப்போது நீர் பெருகி, தண்டவாளத்துக்குக் கிட்டவே இருபுறமும் கடல்.

"சுவாமியாரிட்டைத் தொலைபேசியிலை Termin எடு, நாளும் நேரமும் குறிச்சுத் தரட்டும்" என்றார் மச்சாள். "ஒரு பூசை வைக்கவேணும். சூசைநாயகம் எண்டு முழுப்பேரையும் வாசிக்கச் சொல்லு."

கணவரின் பெயரை அவர் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. மன்னாருக்கும் கடல் நடுவே ரயில்பாதை இருந்தது. யுத்தம் வந்தபின் அதில் ரயில் ஓடுவதில்லை. இங்கே ரயில் கரையேறிவிட்டது. வயல்களில் மாடுகள் படுத்திருந்தன. மச்சாள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகியிருந்தார்.