முன் கழுத்து, பின் கழுத்து

தி.நகரில் ஒரு ப்ளவுஸ் தையல் கடைக்கு நானும் என் வீட்டுக்காரரும் மந்தைவெளி வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். அளவுகளை வாங்கி, வெட்டுகிற மாஸ்டருக்கு ஒரு சீட்டு அச்சடித்துத் தர வேண்டும். அவ்வளவுதான். அதற்கே எங்களுக்குள் குருக்ஷேத்திரம்.

ஒருவருடைய அளவுகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கிற ஆப்ஜெக்டை எப்படி உருவாக்குவது என்பதில்தான் சண்டை. அவர் கன்ஸ்ட்ரக்டர் கட்சி. மார்பு, இடுப்பு, கை, கழுத்து என்று எல்லா எண்களையும் வரிசையாக ஒரே வரியில் கொடுத்தால் போதும் என்பார். நான் பில்டர் கட்சி. ஒவ்வொரு எண்ணையும் அதன் பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், நாலு வரி கூடினாலும் பரவாயில்லை.

"வெறும் நம்பர்தானே. இதுக்குப் போயி வளவளன்னு எழுதணுமா?" என்றார்.

வளவளவா? எனக்குச் சுருக்கென்றது. எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன்.

கடையில் முதல் அளவாக என் நாத்தனாரின் முகூர்த்த ப்ளவுஸையே போட்டோம். கூறைப் புடவையோடு வந்த துணி. வெட்டினால் வெட்டினதுதான், மாற்றுத் துணி கிடையாது.

மறுநாளும் மனசு ஆறவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் அந்த வரியைப் பெயர் சொல்லிப் பிரித்து எழுதி, நாத்தனாரின் அளவை ஓட்டிப் பார்த்தேன். முன் கழுத்து ஆறு அங்குலம், பின் கழுத்து பத்து. சரிதான். ஆனால் கடைக்குப் போன சீட்டில் தலைகீழாக இருந்தது. ஐயோ! அளவைப் பதிகிற திரை ஒரு வரிசையில் அனுப்ப, கன்ஸ்ட்ரக்டர் வேறு வரிசையில் வாங்கியிருக்கிறது. இரண்டும் எண்தானே, கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால், முன்பக்கம் பத்து அங்குல இறக்கம்!

கடைக்கார அக்காவுக்கு போன் போட்டேன். "துணிய வெட்டிட்டீங்களாக்கா?"

"இன்னாம்மா இப்படிப் பதறிக்கினு கீற? லைனிங் துணிய நனைச்சுப் போட்டேன், சுருங்குறது இப்பவே சுருங்கட்டும்னு. இந்த மழைல எங்க காயுது? உன் பட்டுத்துணி மடிச்சது மடிச்சபடியே கீது."

"வயித்துல பால வார்த்தீங்கக்கா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

ஈரத்தலையோடு வந்தவர் இரண்டு சீட்டையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாத."

"சொல்லல. எல்லாத்தையும் பேர் சொல்லி எழுதுங்க."

ஈரத்தலையோடே உட்கார்ந்து எழுதினார். சரியான சீட்டு அன்றைக்கே கடைக்குப் போனது.

முகூர்த்தத்தன்று நாத்தனார் மணவறைக்கு வந்தாள். ப்ளவுஸ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. இப்படி ஒரு அண்ணி யாருக்குக் கிடைப்பாள் என்று மாமியாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.