டேனியல் சார் தேர்ந்தெடுத்த அடாப்டர்

செவ்வாய்க்கிழமை மதியம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டேனியல் சார் மாரடைப்பில் காலமானார். உடல் அஸ்தினாபுரம் வீட்டில் இருக்கிறது. ஒரே நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசி ஆறு ஆண்டுகளில் அவர் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்களின் கைகள். என்னுடையதும் அதில் உண்டு.

தாம்பரத்தில் எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகம் முன்பு அவர் பொறுப்பில் இருந்தது. நான் அவருக்கு அடுத்த நிலை. பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி ஓட்டலாம் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். கணினியில் செருகிக் கம்பியில்லாமல் இணையம் பிடிக்கும் வைஃபை அடாப்டர் வாங்க மடிக்கணினியோடு போவார். கடையிலேயே செருகி, உள்ளே என்ன சிப் என்று பார்த்த பிறகுதான் வாங்குவார்.

"டப்பாவ நம்பாதீங்க சார். பேரு அதேதான் இருக்கும், உள்ள சிப்ப மாத்திடுவான். லினக்ஸுக்குத் தெரியாத சிப்னா செத்தாலும் எடுக்காது" என்பார். குரோம்பேட்டைக் கடைக்காரர் அவர் தலையைக் கண்டாலே, "வந்துட்டாருப்பா, பேஜாரு" என்று முனகுவார்.

புதுப்பித்த ஆய்வகத்தின் திறப்பு விழா நெருங்கும்போது அவருக்கு டெங்கு. இருபது அடாப்டர் வாங்க என்னை அனுப்பினார். "டப்பா பின்னாடி வெர்ஷன் ஒண்ணுன்னு இருக்கணும். ரெண்டுன்னா சிப் வேற, வேணாம்" என்று போனில் இரண்டு தடவை சொன்னார். கடையில் இருந்ததெல்லாம் வெர்ஷன் இரண்டு. பார்த்தேன். பார்த்துத்தான் வாங்கினேன். எதையும் சரியாகவே செய்யும் அந்த மனிதர் ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் முழிக்கட்டும் என்று எனக்கு ஆசை.

விழாவன்று காலையில்தான், காய்ச்சல் முழுதாக விடாமலேயே வந்தார். தாளாளர் பார்த்துக்கொண்டிருக்க, இருபதில் ஒரு கணினிகூட இணையத்தைப் பிடிக்கவில்லை.

"வெர்ஷன் பாத்தீங்களா சார்?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க சொன்னதத்தான் வாங்குனேன்" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

குப்பைக்கூடையில் கிடந்த டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தாளாளரிடம், "என் தப்புதான் சார்" என்றார். "ஓசில வர்றதெல்லாம் இப்டித்தான்" என்று தாளாளர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மறுவாரமே விடைத்தாள் கட்டுவதற்கு அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆய்வகம் எனக்கு வந்தது. ஆறு ஆண்டுகளாகத் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டின் அருகே நின்று, "லேப் எப்டிப் போகுது சார்?" என்று விசாரிப்பார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து அவரை மனதாரத் திட்டியிருக்கிறேன்.

வீட்டில் ஜெபம் முடிந்ததும் அவர் மனைவி உறவினர்களிடம் என்னைக் காட்டினார். "இவர்தான் லேப் சார். 'என்னவிட நல்லா பாத்துப்பாரு, அதான் அவருக்கே விட்டுக் குடுத்துட்டேன்'னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டே இருப்பாரு" என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். நானும் உட்கார்ந்தேன்.

கல்லூரி மலருக்காக உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள், சார். நடந்ததை எழுதிவிட்டேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போய் வாருங்கள்.