முதுகுகளைப் பார்த்தவர்

"...அவன் அவ்வளவு பெரிய பின்வரிசைக்காரன் எண்டால், என்ர ரெண்டு முழங்கையும் ஏன் தம்பி எப்பவும் உரிஞ்சு கிடந்தது?" என்று என்னைக் கேட்டார், எங்கள் கல்லூரியின் பழைய கோல்கீப்பர்.

லண்டன் ஸ்ட்ரெதமில் பழைய மாணவர் ஒன்றுகூடல் நடந்துகொண்டிருந்தது. கல்லூரி உதைபந்தாட்ட அணியில் இதுவரை வந்த பின்வரிசை வீரர்களில் ஆகச் சிறந்தவர் யார் என்று விவாதித்து, வாக்கெடுத்து, ஒரு கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. கோல்கீப்பருக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நெடிய மனிதர், விரல்கள் கோணல்மாணலாக இருக்கும். வடைத் தட்டை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

"அவர் ஆடின அந்த வருஷம் எங்களுக்கு ஒரு கோலும் விழேல்லை அண்ணை. எல்லாம் பின்வரிசையின்ர கெட்டித்தனம்" என்றேன்.

"ஓம். நான் கோல் கம்பத்துக்குக் காவல் நிண்டனான்."

கடைசியில் இருவருக்குச் சமமான வாக்குகள் விழுந்தன. கோல்கீப்பர் மட்டும் இன்னும் வாக்களிக்கவில்லை. சீட்டை அவரிடம் நீட்டினோம்.

"இவையின்ர முகத்தை ஆர் கண்டது? எனக்கு முதுகுதான் தெரியும். திரும்பி நிக்கச் சொல்லுங்கோ."

எழுபது தாண்டிய இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றார்கள். அவர் கொஞ்ச நேரம் அந்த முதுகுகளையே பார்த்தார். பிறகு, அந்தக் காலத்தில் கோல் வாசலில் நின்று பின்வரிசையைப் பார்த்துக் கத்தியதுபோல, மண்டபமே அதிரக் கத்தினார்: "முன்னுக்கு ஏறுங்கோடா!"

இருவரும் திரும்பிப் பாராமல், ஒன்றாக இரண்டடி முன்னே போனார்கள்.

"இண்டைக்குத்தான் சொல்லுக் கேக்கிறாங்கள்" என்றார். ஒன்றும் எழுதாமலே சீட்டை மடித்து என்னிடம் தந்துவிட்டு, மேசையில் இருந்த கேடயத்தை இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சோடு அணைத்தபடி தன் கதிரையில் போய் இருந்தார்.