மரகதத்தம்மாளுக்கு ஒரு கார்டு

போன வாரம் ராயபுரத்தில் பஜ்ஜி வாங்கினேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால்தான் வாங்கினேன், உங்களிடம் மறைப்பானேன். கடைக்காரர் அதை வாரப் பத்திரிகைத் தாள் ஒன்றில் வைத்துக் கொடுத்தார். தின்று முடித்துத் தாளைப் பார்த்தால் தொடர்கதை. யாரோ ஒரு தாய், யாரோ ஒரு மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். மிச்சத்தை எண்ணெய் குடித்துவிட்டது. நடைபாதையிலேயே நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அந்தக் கறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். எண்பதை நெருங்கியும் புத்தி வரவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு ஒன்பது வயதில் இதே பேட்டையில் ஒட்டிக்கொண்டது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் கப்பலேறிப் போனவர், போனவர்தான். அம்மா ஒரு கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பியை இடுப்பில் எடுத்துக்கொண்டு காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். உடம்பெல்லாம் கோணித்தூசு வாசனை. தும்மிக்கொண்டே பொங்குவாள், தும்மிக்கொண்டே படுத்துவிடுவாள். அடிக்கமாட்டாள், திட்டமாட்டாள். என்னைப் பார்க்கவும் மாட்டாள், அவ்வளவுதான். என் தலையில் சிக்கு விழுந்ததைக்கூடத் தெருக்காரர்கள்தான் முதலில் கவனித்தார்கள்.

தெருமுனையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் மளிகைக்கடை இருந்தது. அவர் சம்சாரம் பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்கி, தாளைக் கிழித்துப் பொட்டலப் பை ஒட்டுவார். "ஏளா, சும்மாத்தான நிக்க, வந்து பசை தடவு" என்று என்னையும் உட்கார வைத்தார். ஒட்டுவதற்கு முன்னால் நான் படித்துவிடுவேன். ஆக, நான் இலக்கியத்துக்குள் நுழைந்தது மைதாப் பசை வழியாக.

கதை எப்படிப் போகிறது என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. அம்மாக்கள் எங்கே வருகிறார்கள் என்று மட்டும் தேடுவேன். கதை அம்மாக்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். சோறு ஊட்டினார்கள். காரணமே இல்லாமல் தலையைக் கோதினார்கள். இதையெல்லாம் வீட்டில் பரீட்சை செய்து பார்த்தேன். ஒரு கதையில் பெண் மயங்கி விழுந்ததும் தாய் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். நானும் அம்மா வரும் நேரம் பார்த்து வாசலில் மயங்கி விழுந்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போய் அடுப்பை மூட்டினாள். "படுக்கறதா இருந்தா பாயி போட்டுகினு படு" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொடர்கதையில் மரகதத்தம்மாள் கிடைத்தாள். பட்டுப்புடவைக்காரி. திருவிழாக் கூட்டத்தில் மகளைத் தொலைத்துவிட்டு வாரா வாரம் அழுகிறவள். அவளுக்கு மகள் இல்லை, எனக்கு அம்மா இருந்தும் இல்லை, கணக்கு சரியாக வந்தது. அவள் கதையில் மட்டும் இருக்கிறவள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. பத்திரிகையில் விலாசம் போட்டிருந்ததே! அண்ணாச்சி சம்சாரத்திடம் ஒரு தபால் கார்டு கேட்டு வாங்கி எழுதினேன். 'உங்கள் மகள் கிடைக்கும் வரைக்கும் நான் வரலாமா? தலை வாரிவிட்டால் போதும். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். கைக்குழந்தை இருந்தால் தூக்குவேன். பசை நன்றாகத் தடவுவேன்.' மகளாகப் போகிறவள் எழுதியது போலவா இருக்கிறது? வேலைக்கு விண்ணப்பம் போட்டது போலத்தான் இருந்தது.

பதில் வந்தது. எங்கள் தெருவில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தபால்காரர் கார்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டுவார். சொன்னால் பதிலும் எழுதி எடுத்துப் போவார். அம்மா கிடங்கில் இருக்கும்போது வரும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துத் தம்பிக்குக் காய்ச்சல், அம்மா வீட்டில் இருந்தாள்.

கதை எழுதியவர் நல்ல மனுஷர், விளையாட்டாக எழுதியிருந்தார். தபால்காரர் படித்தார்: "அன்புள்ள குழந்தைக்கு, மரகதத்தம்மாளுக்கு உன்னை மகளாக ஏற்கச் சம்மதமே. உன் தாயாரின் சம்மதம் கேட்டு எழுதவும்."

அம்மா தம்பியைத் தோளில் மாற்றிப் போட்டாள். "யாரு சார் அவ?"

தபால்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவரும் அந்தத் தொடர்கதையைப் படிக்கிறவர்தான், விஷயம் புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "யாரோ பட்டுப்பொடவ கட்ற பெரிய எடத்து அம்மா போலக்கீது. பொண்ண தொலச்சிட்டு தேடிகினு கீறாங்களாம்" என்றார்.

அம்மா சரி என்று சொல்லிவிட்டால்? வீட்டில் ஒரு வயிறு குறையுமே. வரலாமா என்று கேட்டு எழுதியவளே நான்தான். ஆனாலும் அம்மா சம்மதிக்கக் கூடாது.

அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வெகுநாள் கழித்துப் பார்த்தாள்.

"எய்து சார். சொந்தப் பொண்ணயே தொலச்சவள நம்பி எம் பொண்ண எப்டி அனுப்பறது? குடுக்கமாட்டேன்னு எய்து. பட்டுப்பொடவ கட்டிகினா எனக்கின்னா? எம் பொண்ணு எனக்கு வோணும்."

தபால்காரர் தன் பையிலிருந்தே ஒரு கார்டை எடுத்து, சிரிக்காமல், அப்படியே எழுதிக்கொண்டார். அவர் தலை மறைந்ததும் என் முதுகில் இரண்டு விழுந்தது. அன்றைக்கு அழுதேன். வலியால் என்றுதான் அம்மா நினைத்தாள்.

பிறகு ஒன்றும் மாறிவிடவில்லை. மறுவாரம் அவள் வழக்கம்போலக் கோணி தைக்கப் போனாள், நான் சிக்குத் தலையோடு பசை தடவப் போனேன். ஆனால் அவள் சாகும்வரைக்கும், எங்களுக்குள் சண்டை வந்தால், "போ, போயி அந்தப் பட்டுப்பொடவக்காரிகிட்ட கேளு" என்பாள். அது வெறும் கதை என்று நான் சொல்லவே இல்லை. அம்மா எனக்காகச் சண்டை போட்ட ஒரே ஆள் அவள்தான். அவளை இல்லாமல் ஆக்க எனக்கு மனசு வரவில்லை.

கிடங்கு இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அண்ணாச்சி கடை இல்லை. கார்டு எழுதுகிறவர்களும் இல்லை, வாசலில் நின்று படிக்கிறவர்களும் இல்லை. மரகதத்தம்மாளாவது பைண்டு செய்யப்பட்டு ஏதாவது நூலகத்தில் இருப்பாள். என் அம்மா சொல்லி எழுதியது அந்த ஒரு கார்டுதான். அது எந்தக் கடையில், எந்தப் பழைய தாளோடு எடைக்குப் போனதோ. தின்ற பிறகு ஒவ்வொரு பொட்டலத்தையும் நான் பிரித்துப் பார்ப்பது கதைக்காக இல்லை.