ஸ்ரனிஸ்லாஸின் சுட்டுவிரல்

கொட்டாஞ்சேனையில் ஸ்ரனிஸ்லாஸின் முகத்தை மறந்தவர்களுக்கும் அவருடைய வலதுகைச் சுட்டுவிரலைத் தெரியும். நாட்டுக்காகப் பந்து சுழற்றிய விரல். முனை ஒரு பக்கம் சாய்ந்து, மூட்டில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு காய்ப்பு. தேத்தண்ணிக் கடையில் அவர் கோப்பையைத் தூக்கும்போது யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஸ்ரானி அண்ணை, இந்த வயசிலயும் நீங்க போட்டா ஒருத்தனும் நிக்கமாட்டான்," என்பார் கடைக்காரர் சிவமணி.

"போடலாம். அடிச்ச பந்தப் பொறுக்க நீ ஓடவேணும்."

அதற்கு மேல் அவர் கிரிக்கெட் கதைக்கமாட்டார்.

அவர் வளர்ந்த குறுகிய ஒழுங்கையின் நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய் நின்றது. நேராகப் போட்டால் பந்து குழாயில் படும். குழாயைத் தாண்டி உள்ளே திரும்ப வேண்டும். அப்படித்தான் அவர் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். பிறகு கழகம், பிறகு நாட்டின் அணி.

பந்தின் தையல் உரசி உரசிச் சுழற்பந்து வீச்சாளரின் விரல் வெடிக்கும். காட்டினால் ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வென்றால் வெளியே நிற்கிறவன் உள்ளே வருவான். கொட்டாஞ்சேனைப் பெடியனை இரண்டாம் தடவை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று ஸ்ரனிஸ்லாஸ் நம்பினார். கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெடிப்புக்குள் சுப்பர் குளூ விட்டு, பல்லைக் கடித்தபடி இரண்டு பக்கத்தையும் சேர்த்து அமத்துவார். மூச்சு வர நேரமெடுக்கும்.

"விரல் எப்பிடி? நோகுதா?" என்று கப்டன் கேட்பார்.

"இல்லை."

அந்த விரலால் வெளிநாட்டு டெஸ்ட் ஒன்றில் ஐந்து விக்கெட் எடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த ஆட்டத்தில் வெக்கைக்குப் பசை இளகிக் கழன்றது. உள்ளே சீழ். பந்து வழுக்கி வழுக்கி நிலத்தில் குத்தாமல் புல் டொஸ்ஸாகப் போக, நாலு பக்கமும் அடித்தார்கள். துணிவு போய்விட்டது என்று அணித் தெரிவாளர்கள் சொன்னார்கள். அவர் காரணம் சொல்லவில்லை. மறுபடி அழைப்பும் வரவில்லை.

துறைமுகப் பக்கத்துக் கிடங்கொன்றில் மேற்பார்வை வேலை கிடைத்தது. பேர்ணடெற்றைக் கலியாணம் செய்தார். வயது போக இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் வந்தது. ஒருநாள் கிடங்கில் பெட்டியொன்றை இறுக்கியிருந்த இரும்புப் பட்டி அதே விரலைக் கிழித்தது. வேலை நீடிப்பு முடிவாகிற மாதம். காயம் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வழியிலிருந்த கடையில் சுப்பர் குளூ வாங்கினார். ஒட்டி, பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். இந்தமுறை பல்லைக் கடிக்கவேண்டி இருக்கவில்லை. அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

"ஏன் கரண்டியால சாப்பிடுறீங்க?" என்று ஒரு மத்தியானம் பேர்ணடெற் கேட்டாள்.

"சும்மா."

"கையக் காட்டுங்கோ."

"நீ என்ன, டீம் டொக்டரா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மீன் குழம்பையும் மீறி அவளுக்கு அழுகல் மணம் வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் பிளாஸ்டரை வெட்டினாள். விரல் கறுத்து, உள்ளங்கை வீங்கியிருந்தது. ஊசி முனையால் ஒவ்வொரு இடமாகக் குத்தினாள்.

"நோகுதா?"

"இல்லை."

எத்தனையோ தடவை பொய்யாகச் சொன்ன சொல். இன்றுதான் அது உண்மை. டொக்டரின் முகம் வாடியது.

"நொந்தா நல்லது, அன்ரி. நோகேல்லை எண்டதுதான் பயம், சீனி நரம்பச் சாகடிச்சிட்டுது," என்று பேர்ணடெற்றிடம் சொன்னாள். "முந்தியே வந்திருந்தா விரலோட போயிருக்கும். இப்ப மணிக்கட்டோட எடுக்கவேணும். விட்டா உயிருக்கு ஆபத்து."

"சுட்டுவிரல மட்டும் எடுத்தாக் காணாதா, டொக்டர்?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ். பேரம் பேசுகிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரல்.

டொக்டர் அவருடைய கையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

சத்திரசிகிச்சை முடிந்த பிறகு, விடியற்காலையில் பேர்ணடெற் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

"நோகுதா?"

பழக்கத்தில் இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தார்.

"நோகுது, பேர்ணி."

"எங்க?"

"சுட்டுவிரல்."

பேர்ணடெற் கட்டைப் பார்த்தாள். கட்டு முடிந்த இடத்துக்கு அப்பால் வெறும் படுக்கை விரிப்பைப் பார்த்தாள். பிறகு அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.